வண்டி திருப்ப இடம் இருக்கிறதா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒரு சிறிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போய், ஆள் அரவமற்ற ஓர் இடத்தில், ஒரு டாலர்கூடக் கொடுக்காமல், முன்பதிவும் செய்யாமல் இரண்டு வாரம் வரை தங்கலாம். யார் கண்ணிலும் படாமல் செய்கிற காரியம் அல்ல இது, சட்டமே அனுமதிக்கிறது. யோசெமிட்டியிலும் கிராண்ட் கேன்யனிலும் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லா முகாம் இடங்களும் தீர்ந்துபோவதைப் பார்த்து, கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இருக்கும் நம் குடும்பங்கள் பல கூடாரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மோட்டலில் அறை எடுக்கின்றன. அந்தப் பூங்காக்களின் எல்லைக்கு வெளியே சில மைல் தூரத்திலேயே இலவசமாகத் தங்கக்கூடிய அரசு நிலம் விரிந்து கிடக்கிறது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்கு வாசலாக இருக்கும் டூசயான் ஊரைச் சுற்றியுள்ள காய்பாப் தேசிய வனம் அதற்கு நல்ல உதாரணம்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் உடனே கேட்பது, நல்ல இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். அந்த இடத்துக்குப் போகும் கடைசி இரண்டு மைல் எப்படி இருக்கும், போன பிறகு வண்டி திருப்ப முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. கூடாரம் மட்டும் கொண்டு போகிறவருக்கு முதல் கேள்வி போதும். ட்ரெய்லர் இழுத்துப் போகிறவருக்கு இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் முதல் கேள்விக்கே அர்த்தம் உண்டு. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

முதலில் நிலம் யாருடையது என்று பார்த்துவிடுவோம். சொந்தக்காரர் அமெரிக்க மத்திய அரசு. நமக்கு வேண்டிய நிலத்தின் பெரும்பகுதியை இரண்டு துறைகள் கவனிக்கின்றன. ஒன்று, எல்லோரும் பி.எல்.எம். என்று சுருக்கிச் சொல்லும் நில மேலாண்மைத் துறை. அதன் பொறுப்பில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம். மற்றது வனத்துறை. 154 தேசிய வனங்களும் சில புல்வெளிகளும் சேர்த்து அதனிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர். பி.எல்.எம். நிலம் பெரும்பாலும் பாலைவனமும் புதர்க்காடும். வனத்துறையின் நிலம் பெரும்பாலும் மலையும் மரமும். குளிர்காலத்தில் முன்னதும் கோடையில் பின்னதும் தங்கத் தோதானவை.

இவ்வளவு நிலம் அரசின் கையில் எப்படி மிஞ்சியது? நவாஹோ, ஹோப்பி, யூட், ஷோஷோனி முதலான பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலம் அது. ஒப்பந்தத்தாலும் படைபலத்தாலும் அரசு அதைக் கைப்பற்றியது. பிறகு 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் சொந்தம் என்றது. ஆற்றங்கரைகளும் நல்ல மண்ணும் வேகமாகப் போயின. தண்ணீரில்லாத மேடும் பாறையும் உவர்நிலமும் கேட்பாரின்றி நின்றன. 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் அந்த நிலத்தில் மாடு மேய்ப்பதை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. எஞ்சிய நிலத்தைப் பொதுவாக இனி விற்பதில்லை, நாட்டின் உடைமையாகவே வைத்திருப்பது என்று 1976-இல் இன்னொரு சட்டம் முடிவு செய்தது. இன்று நெவாடாவில் 80 விழுக்காடு நிலம் மத்திய அரசுடையது. டெக்சாஸில் அது இரண்டு விழுக்காடுகூட இல்லை. 1845-இல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது டெக்சாஸ் தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டதுதான் காரணம். டாலஸிலும் ஹூஸ்டனிலும் இருப்பவர்கள் அரிசோனாவில் இருக்கும் உறவினரின் படங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் தேடி ஏமாறுவதும் இதனால்தான். சாம் ஹூஸ்டன் தேசிய வனம் போன்ற சிலவற்றை விட்டால் அவர்கள் நியூ மெக்சிகோவைத்தான் பார்க்க வேண்டும்.

இலவசம் என்பதால் கேட்பாரற்ற நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் அங்கே மாடு மேய்க்கக் குத்தகை எடுத்திருப்பார். இன்னொருவருக்குச் சுரங்க உரிமை இருக்கும். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் வருவார்கள். வழியில் கம்பி வேலியும் கேட்டும் வரும். மூடியிருந்த கேட்டைத் திறந்து போனால் மறுபடி மூட வேண்டும். திறந்திருந்தால் அப்படியே விட வேண்டும். மாடுகள் எந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போகின்றன என்பது அந்தக் கேட்டைப் பொறுத்தது. மாடும் காட்டு விலங்கும் தண்ணீர் குடிக்கும் இடத்திலிருந்து கால் மைலுக்குள் தங்குவது அரிசோனாவில் சட்டப்படியே தவறு. பாலைவனத்தில் அது ஒன்றுதான் பல மைல் சுற்றளவுக்குத் தண்ணீராக இருக்கும். நாம் பக்கத்தில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தால் விலங்குகள் தாகத்தோடு திரும்பிப் போகும்.

இனி வரைபடம். பி.எல்.எம். வெளியிடும் நில உரிமை வரைபடங்களில் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு நிறம். பி.எல்.எம். நிலம் மஞ்சள், தேசிய வனம் பச்சை, மாநில அரசின் நிலம் நீலம், பழங்குடியினரின் நிலம் ஆரஞ்சு, தனியார் நிலம் வெள்ளை. கைப்பேசிச் செயலிகள் பலவும் ஏறக்குறைய இதே நிறங்களைத்தான் பயன்படுத்துகின்றன. இந்த வரைபடத்தை முதன்முதலில் பார்ப்பவருக்கு ஒன்று விசித்திரமாகத் தோன்றும். பரந்த மஞ்சளுக்கு நடுவே ஒழுங்கான இடைவெளியில் சின்னச் சின்ன நீலச் சதுரங்கள் கிடக்கும். மேற்கின் நிலம் ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர மைல் கொண்ட 36 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் குறிப்பிட்ட எண் கொண்ட துண்டுகளைப் பள்ளிக்கூடங்களின் செலவுக்காக மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் அவை 2, 16, 32, 36. மாநிலம் அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பள்ளிகளுக்கு வருமானம் ஈட்டுகிறது. ஆகவே நீலச் சதுரம் அரசு நிலம்தான் என்றாலும் மஞ்சளுக்குரிய விதி அங்கே செல்லாது. அரிசோனாவில் அதில் தங்கத் தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தரையில் கோடு எதுவும் போட்டிருக்காது. மஞ்சளிலிருந்து நீலத்துக்குள் நுழைந்தது கைப்பேசியில் பார்த்தால்தான் தெரியும்.

நெவாடாவின் வடக்கிலும் வையோமிங்கின் தெற்கிலும் இன்னொரு சிக்கல். 1862-க்குப் பிறகு ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்குப் பாதையின் இருபுறமும் ஒன்று விட்டு ஒரு சதுர மைலாக அரசு நிலம் கொடுத்தது. வரைபடம் இன்றைக்கும் சதுரங்கப் பலகை மாதிரியே இருக்கிறது. அங்கே பொது நிலம் இருக்கிறது என்பது உண்மை. பொதுச் சாலை வழியாக அதை அடைய முடியுமா என்பது வேறு கேள்வி. இந்தப் பகுதிகளை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன்.

தேசியப் பூங்காவுக்குள் சாலையோரம் நிறுத்தித் தங்க முடியாது. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி வனாந்தரமாக ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் மோட்டார் வண்டியே போகக் கூடாது. நவாஹோ நாட்டுக்குள் அவர்களுடைய அனுமதி வேண்டும். இவை போக எஞ்சிய மஞ்சளிலும் பச்சையிலும், தடை என்று அறிவிக்காத இடங்களில், பொதுவாக 14 நாள் தங்கலாம். பி.எல்.எம். நிலத்தில் வழக்கமான கணக்கு 28 நாளில் 14 நாள். அதன் பிறகு வெகு தூரம் தள்ளிப் போய்விட வேண்டும். சில வனங்களில் 16 நாள் என்றும், கூட்டம் அதிகமான சில இடங்களில் ஐந்தே நாள் என்றும் உண்டு. அந்தந்த அலுவலகம் சொல்வதுதான் முடிவு.

நிலம் தெரிந்துவிட்டது. இப்போது சாலை. ட்ரெய்லர்காரருக்குப் பாதி வேலை இங்கேதான்.

ஒவ்வொரு தேசிய வனமும் எம்.வி.யு.எம். என்ற வரைபடத்தை இலவசமாக வெளியிடுகிறது. எந்தச் சாலையில் எந்த வண்டி, எந்த மாதத்தில் போகலாம் என்று சொல்லும் மோட்டார் வண்டி வரைபடம் அது. 2005-இல் வந்த ஒரு விதியின் விளைவு. பார்க்க அழகாக இருக்காது. கறுப்பு வெள்ளை, மலை மேடு காட்டும் கோடுகள் கிடையாது, எண்கள் மட்டும் நெருக்கமாகக் கிடக்கும். ஆனால் சட்டம் அதில்தான் இருக்கிறது. அதில் இல்லாத சாலை, கண்ணெதிரே தெளிவாக ஓடினாலும், வண்டிக்கு மூடப்பட்ட சாலை. சில சாலைகளின் ஓரமாக வரிசையாகச் சிறு புள்ளிகள் வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளி வரிசை இருக்கும் நீளம் முழுவதும், சாலையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை வண்டியை உள்ளே இறக்கித் தங்கலாம் என்று பொருள். பல வனங்களில் அந்தத் தூரம் 300 அடி. ஓரத்தில் ஓர் அட்டவணை இருக்கும். எந்தச் சாலை எந்தத் தேதியில் திறந்து எந்தத் தேதியில் மூடும் என்று அதில் பார்க்கலாம். உயர்ந்த மலைகளில் ஜூன் கடைசி வரைகூடப் பனி கிடக்கும் என்பதால் அந்த அட்டவணையைப் படிக்காமல் கிளம்புவது வீண் அலைச்சல்.

இந்த வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. எம்.வி.யு.எம். சொல்வது உரிமையை மட்டுமே. சாலையின் நிலையை அது சொல்லாது. போகலாம் என்று கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டின் மேல் முழங்கால் உயரப் பாறை கிடக்கலாம். நிலையைத் தெரிந்துகொள்ள வேறு அளவுகோல் இருக்கிறது. வனத்துறை தன் சாலைகளை 1 முதல் 5 வரை பராமரிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. 1 மூடப்பட்டது. 2, தரையிலிருந்து உயரமான வண்டிகளுக்கு. 3 முதல் சாதாரணக் காரும் போகலாம். சிறிய ட்ரெய்லரோடு போகும் புதியவர் 3-ஐ விட்டு இறங்க வேண்டாம். சாலை முனையில் நிற்கும் பலகையும் ஒரு குறிப்புத் தரும். எண்ணைக் கிடைமட்டமாக எழுதியிருந்தால் அது வழக்கமாகக் கார் போகும் சாலை. ஒல்லியான பழுப்புக் கம்பத்தில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தால் அது கரடுமுரடான சாலை. பத்து அடி தூரத்திலிருந்தே தெரியும் இந்த வித்தியாசத்தை அறியாமல் எத்தனையோ பேர் அந்தப் பழுப்புக் கம்பத்தைக் கடந்து போயிருக்கிறார்கள்.

அடுத்தது செயற்கைக்கோள் படம். தங்கும் இடத்தைப் படத்தில் கண்டுபிடிப்பது சிரமமில்லை. முதன்மை மண்சாலையிலிருந்து ஒரு கிளை பிரிந்து நூறு இருநூறு அடியில் முடியும். முனையில் வெளிறிய ஒரு திட்டு தெரியும். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால் அது பழைய அடுப்புக் கல்வட்டம். ஆண்டாண்டுகளாக மக்கள் தங்கிய இடம். அப்படி ஏற்கெனவே பயன்பட்ட இடத்தில் தங்குவதுதான் சரியும்கூட. யூட்டாவின் மண்ணில் கறுத்துப் பொருக்குத் தட்டிய ஒரு மேல்தோல் உண்டு. பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல். ஒரு முறை சக்கரம் ஏறினால் அது பழைய நிலைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆனால் படத்தில் அந்தத் திட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதன் வடிவத்தைப் பாருங்கள். சாலை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வளையமா, அல்லது முட்டுச்சந்தா? முட்டுச்சந்து என்றால் அகலம் எவ்வளவு? சாதாரண எஸ்.யு.வி. தனியாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பவே பதினொன்று, பன்னிரண்டு மீட்டர் வேண்டும். பின்னால் ட்ரெய்லர் இருந்தால் இன்னும் கூடுதலாக. படத்தில் அளவுகோலை வைத்து அளந்துவிடலாம். வீட்டில் உட்கார்ந்து செய்யும் இந்தப் பத்து நிமிட வேலை, இருட்டும் நேரத்தில் ஒரு மலைச்சாலையில் அரை மைல் ரிவர்ஸ் எடுக்கும் நிலைமையைத் தவிர்க்கும்.

ரிவர்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிறிய ட்ரெய்லர் என்றால் ரிவர்ஸ் எடுப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. ட்ரெய்லர் குட்டையாக இருக்க இருக்க, ஸ்டீயரிங்கின் சின்ன அசைவுக்குக்கூட அது சட்டென்று ஒடிந்து திரும்பும். முப்பது அடி ட்ரெய்லர் மெதுவாக வளையும். திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். பத்து அடி ட்ரெய்லர் அந்த நேரத்தைக் கொடுக்காது. அது காரின் பின்கண்ணாடியில்கூடத் தெரியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தால், ஒடிந்ததே முட்டிய பிறகுதான் தெரியும். காலியான ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் பழகிவிட்டுப் போவது நல்லது.

சிறியதற்கு உள்ள அனுகூலம் வேறு. டியர் டிராப் என்று அழைக்கப்படும் நீர்த்துளி வடிவ ட்ரெய்லர் பெரும்பாலும் 450 முதல் 700 கிலோ எடைதான். சமதளமான கெட்டித் தரையில் காரிலிருந்து கழற்றி, இரண்டு பேர் பிடித்துக் கையாலேயே திருப்பி நிறுத்திவிடலாம். கழற்றும் முன் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கொஞ்சம் சரிவு இருந்தாலும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பெரிய ட்ரெய்லர்காரர் நினைத்தும் பார்க்க முடியாத வசதி இது. அவர் போக முடியாத பல கிளைச்சாலைகள் உங்களுக்குத் திறப்பது இதனால்தான்.

கடைசிக் கிளைச்சாலைக்கு வந்ததும் வண்டியை முதன்மைச் சாலையின் ஓரம் நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். நடக்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். சாலையின் குறுக்கே ஓடை வெட்டிய பள்ளம் இருந்தால், கார் இறங்கி ஏறும் நேரத்தில் ஹிட்ச் தரையில் இடிக்கும். காரின் உயரம் போதும் என்பது இங்கே உதவாது, காருக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் தாழ்ந்து நிற்கும் இணைப்புதான் கணக்கு. தலைக்கு மேல் கிளைகள் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றன என்பது அடுத்தது. மூன்றாவது, எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க எங்கே இடம் என்பது. நடந்து பார்க்கத் தெம்பில்லாத அளவுக்கு நேரமாகிவிட்டது என்றால் அன்றைக்கு அந்தச் சாலை வேண்டாம். மாலை மூன்று மணிக்குள் அங்கே இருக்கும்படி கிளம்புவதே இதற்காகத்தான்.

யூட்டாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகன் ஹாட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வேலி ஆஃப் த காட்ஸ் என்றொரு சமவெளி இருக்கிறது. செந்நிறப் பாறைக் கோபுரங்களுக்கு நடுவே 17 மைல் மண்சாலை. சாலையோரமாக ஏற்கெனவே பயன்பட்ட இடங்களில் பி.எல்.எம். விதிப்படி இலவசமாகத் தங்கலாம். உலர்ந்திருக்கும்போது சாதாரணக் காரே போய்வரும் சாலை. அமெரிக்க நெடுஞ்சாலை 163-லிருந்து நுழைந்தால் சிறிது தூரத்திலேயே லைம் கிரீக் என்ற ஓடையின் படுகையைக் கடக்க வேண்டும். பெரும்பாலும் வெறும் மணல்; மழை பெய்தால் கடக்க முடியாது. 17 மைல் தாண்டி மறுமுனையில் மாநிலச் சாலை 261-ஐத் தொடும்போது வலப்பக்கம் திரும்பினால் மோக்கி டக்வே ஆரம்பமாகிறது. மூன்று மைல் சரளைச் சாலை, கொண்டை ஊசி வளைவுகளோடு ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக ஏறும். 28 அடிக்கு மேல் நீளமான வண்டி வேண்டாம் என்று பலகை எச்சரிக்கிறது. ஓர் எஸ்.யு.வி.யும் சிறிய ட்ரெய்லரும் சேர்ந்தாலே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். இடப்பக்கம் திரும்பினாலோ தார்ச்சாலையில் நிம்மதியாக மறுபடி 163-க்கு வந்து சேரலாம். ஒரே இடம், எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவதில்தான் பயணத்தின் பத்திரம் இருக்கிறது. கூகுள் மேப்ஸ் குறுக்கு வழி என்று வலப்பக்கம் காட்டினாலும் நம்ப வேண்டியதில்லை.

மழையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூட்டா, அரிசோனா பகுதிகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும். இருபது மைல் தள்ளி மலையில் கொட்டிய மழை, நீங்கள் நிற்கும் வறண்ட ஓடைக்குள் காட்டாறாக வந்து சேரும். மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஓடைப்படுகையில் கூடாரம் போடுவது உயிரோடு விளையாடுவது. களிமண் சாலைகள் வேறு வகை ஆபத்து. கால் மணி நேரத் தூறலில் அந்த மண் பசையாகி டயரின் பள்ளங்களை நிரப்பிவிடும். நான்கு சக்கர இயக்கமும் உதவாது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: இருந்த இடத்திலேயே இருந்து, வெயில் வந்து காயும்வரை காத்திருப்பது. அதற்காகத்தான் திட்டமிட்டதைவிட இரண்டு நாள் அதிகமாகத் தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட நான்கு லிட்டர், குறைந்தபட்சக் கணக்கு. சாம்பார் வைத்துப் பாத்திரம் கழுவும் குடும்பத்துக்கு அது போதாது, இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெய்லரை வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். மண்சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கிறது. சொந்தமாக வைத்திருப்பவர்கள் ட்ரெய்லருக்கென்று தனியாக ஒரு மாற்றுச் சக்கரம் வைத்திருக்கிறோமா, காரின் ஜாக்கி ட்ரெய்லருக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க வேண்டும். காரின் சக்கரம் ட்ரெய்லருக்குச் சேராது. டயரின் நிலை நம் பாதுகாப்போடு முடிகிற விஷயமும் அல்ல. 2018 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ரெட்டிங் நகருக்கு அருகே ஒரு ட்ரெய்லரின் டயர் பழுதாகி, சக்கரத்தின் இரும்பு விளிம்பு சாலையில் உரசித் தீப்பொறி பறந்தது. கார் (Carr) தீ என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தக் காட்டுத்தீ 2 லட்சத்து 29 ஆயிரம் ஏக்கரை எரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின; உயிர்களும் போயின. தரையில் இழுபடும் பாதுகாப்புச் சங்கிலியும் இதே வேலையைச் செய்யும். கிளம்பும் முன் குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுப்பு மூட்டுவதற்கு அன்றைக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே மூட்ட வேண்டும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுடுகிறது என்றால் தீ இன்னும் அணையவில்லை. கழிப்பறை இருக்காது, நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும், காகிதத்தைக் கையோடு கொண்டு வந்துவிட வேண்டும். யூட்டாவின் மோவாப் நகரைச் சுற்றிப் பல இடங்களில் குழியும் கூடாது. கையடக்கக் கழிப்பறை கட்டாயம். அங்கே அவ்வளவு பேர் வந்து அவ்வளவு அசுத்தம் செய்த பிறகு வந்த விதி அது.

இலவச இடங்கள் குறைவது இப்படித்தான். கலிஃபோர்னியாவில் விட்னி மலையின் அடிவாரத்தில் இருக்கும் அலபாமா ஹில்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைப் பாறைகள் நிறைந்த அந்த இடத்தை ஹாலிவுட் பல படங்களில் பயன்படுத்தியிருக்கிறது. 1939-இல் வந்த கங்கா தின் படத்துக்காக இந்தியாவின் வடமேற்கு எல்லையாக வேடம் போட்டதும் அந்தப் பாறைகள்தான். முன்பு எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித் தங்க முடிந்தது. படங்கள் பரவின, கூட்டம் பெருகியது, புதிய சக்கரத் தடங்களும் குப்பையும் பெருகின. இன்று குறிப்பிட்ட இடங்களில் மட்டும், அனுமதிச் சீட்டோடு மட்டும் தங்கலாம். சீட்டு இலவசம்தான், நினைத்த இடத்தில் தங்கும் சுதந்திரம் போய்விட்டது. ஆகவே நல்ல இடம் ஒன்றைக் கண்டவர்கள் அதன் துல்லியமான புள்ளியை எல்லோருக்கும் அனுப்பாமல், எந்த வனம், எந்த வட்டார அலுவலகம் என்பதை மட்டும் சொல்வது நல்லது என்று நான் கருதுகிறேன். தேடத் தெரிந்தவருக்கு அது போதும். தேடத் தெரியாமல் புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு வருபவர் பாதிச் சாலையில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்; அந்தப் புள்ளியைப் போட்டவர் ஜீப்பில் போனாரா, எந்த மாதத்தில் போனார் என்பது அவருக்குத் தெரியாது.

நிலமே கைமாறும் ஆபத்தும் கற்பனை அல்ல. 2025 ஜூனில் மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் இருபது முப்பது லட்சம் ஏக்கரை விற்கும் திட்டத்தை யூட்டாவின் செனட்டர் மைக் லீ முன்வைத்தார். வேட்டைக்காரர்கள், மீன் பிடிப்பவர்கள், மலையேறுபவர்கள், ட்ரெய்லர்காரர்கள் என்று அரசியலில் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்களெல்லாம் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த மாதமே அது கைவிடப்பட்டது. அந்த நிலத்தை நேரில் போய்ப் பார்த்துப் பழகியவர்கள் ஏராளமாக இருந்ததால்தான் அந்த எதிர்ப்புக்கு வலு கிடைத்தது. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களும் அதில் தங்கிப் பழக வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த வட்டார ரேஞ்சர் அலுவலகத்தையோ பி.எல்.எம். கள அலுவலகத்தையோ தொலைபேசியில் கூப்பிடுங்கள். பல அலுவலகங்கள் வார நாட்களில் மட்டுமே திறந்திருக்கும். வெள்ளி மாலை வரை தள்ளிப்போடாதீர்கள். நல்ல இடம் சொல்லுங்கள் என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சாலையின் எண்ணைச் சொல்லி, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு நீளம் என்று சொல்லி, கடைசியாகப் பெய்த மழைக்குப் பிறகு அந்தச் சாலை எப்படி இருக்கிறது, எத்தனையாவது மைல் வரை ட்ரெய்லரோடு போகலாம், அதற்குள் திருப்ப இடம் எங்கே என்று கேளுங்கள். அந்தச் சாலையில் ஓட்டிப் பழகியவர் மறுமுனையில் இருந்தால் மைல் கணக்கோடு பதில் சொல்வார். அவர் சொல்லும் மைலுக்கு மேல் அந்த முறை போக வேண்டாம். இரண்டாவது சாலை ஒன்றின் எண்ணையும் அதே அழைப்பில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் ஏற்கெனவே யாராவது தங்கியிருந்தால் பொழுது சாயும் முன் இரண்டாவது சாலைக்குப் போய்ச் சேரலாம்.